இரண்டாவது பிரேக்

1

ஒரு காலிலிருந்து பிறந்த கதை இது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தாமதமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன். ஒருநாள் பயிற்சி முடிந்து டிரைவிங் மாஸ்டரும் நானும் காபி குடிக்க உட்கார்ந்தோம். கடைக்காரர், "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்த உடனே மேசைக்கடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. டொப். கடைக்காரரின் பேச்சு நிற்கவில்லை. மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது.

அந்தக் காலை அங்கேயே திருடிக்கொண்டேன். மீதி எல்லாம் கற்பனை.

பயிற்சி வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கும் ஆசையாக இருக்கிறது. அதில் மாஸ்டரின் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அங்கிருந்து ஒரு கம்பி குறுக்காக ஓடி, கற்றுக்கொள்பவரின் பிரேக்கோடு சேர்கிறது. மாஸ்டர் மிதித்தால் அந்தப் பக்கத்து பிரேக்கும் தானாகத் தாழும். வண்டி நிற்கும். கற்றுக்கொள்பவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். அழகான ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், மாஸ்டரின் கால் இப்போது பிரேக் இல்லாத இடத்திலும் மிதிக்கிறது. சினிமாவில். பல் டாக்டரின் நாற்காலியில். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி வாயைத் திறக்கும்போது.

2

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

அன்று வானம் மேகமூட்டமாக— (வானத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?)

மாஸ்டர் சிறு வயதிலேயே— (இதை ஆரம்பித்தால் அவர் பெரியவராவதற்குள் காகிதம் தீர்ந்துவிடும்.)

சரி, நேராக வீட்டுக்குள் போவோம்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

டொப்.

"பாத்தீங்களா? மறுபடியும்!"

"நான் எங்க அழுத்தினேன்? அதுவா அழுத்துது."

"நான் என்ன எதிர்ல வர்ற லாரியா?"

"சரி சொல்லு, கேக்கறேன்."

டொப்.

"காலை அடக்கிட்டு வாங்க, சொல்றேன். யாராவது கவுன்சலர்கிட்டயாவது போங்க. இந்த மாசத்துக்குள்ள நான் சொல்லியாகணும். இல்லேன்னா சொல்லாமலே செஞ்சிடுவேன்."

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்பத் தெளிவா தெரியுதா?" என்று கேட்பவர். பொறுமைசாலி. அப்படிப்பட்டவர் 'சொல்லாமலே' என்கிறார். மாஸ்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிரிந்து போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறாளோ என்று அவர் மனம்—

3

மாஸ்டர் போனை எடுத்துத் தேடினார். பக்கத்திலிருக்கும் கவுன்சலர்கள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வந்து விழுந்தார்கள். முதல் புள்ளி ஏழு நிமிடத் தொலைவில்.

"அந்த ரோட்டுல ஏழு நிமிஷமா? எந்தப் பைத்தியம் ஓட்டுது?" என்றார் மாஸ்டர். பிறகு, போகப்போகும் இடத்தை நினைத்து அந்தச் சொல்லை வாபஸ் வாங்கினார்.

மருந்துக் கடைக்கு மேல் மாடி. சுவரில் கடல் படம், மேசையில் டிஷ்யூ பெட்டி. கதவைத் திறந்த கவுன்சலர் அவரைக் கண்டதும் விறைத்து நின்றார்.

"மாஸ்டர்! இப்பல்லாம் கண்ணாடியைப் பாத்துட்டுத்தான் திருப்பறேன். சத்தியமா!"

"இண்டிகேட்டர்?"

"அது… சில நேரம்."

அந்த ஒரு மணி நேரமும் அழுதது கவுன்சலர்தான்.

4

(இங்கே என் தங்கை குறுக்கிடுகிறாள். அவளும் கவுன்சலர். கைப்பிரதியைப் படித்துவிட்டுப் போனில் கத்தினாள்.

"அண்ணா, இது அநியாயம். தெரிஞ்சவங்களை நாங்க பாக்க மாட்டோம். உடனே வேற ஆள்கிட்ட அனுப்பிடுவோம்."

"கதை சிரிப்பா இருக்குமேன்னுதான்…"

"உன் சிரிப்புக்கு எங்க பேரா? மாத்து."

மாற்றிவிட்டேன். அந்தக் கவுன்சலர் அழவில்லை. "மாஸ்டர், நான் உங்க ஸ்டூடன்ட், அதனால உங்களைப் பாக்கறது சரியில்லை," என்று நேர்மையாகச் சொன்னார். "முதல் தடவை போறப்ப நீங்களும் அவங்களை எடை போட்டுப் பாருங்க. ஒத்துவரலேன்னா தைரியமா சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க," என்று இன்னொருவரின் எண்ணையும் கொடுத்தார். வழியனுப்பும்போது மட்டும் இண்டிகேட்டர் போடுவதாக வாக்களித்தார். அதைத் தங்கை அனுமதித்தாள்.)

5

இரண்டாமவர் தாடிக்காரர். ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியவில்லை. நல்ல சகுனம்.

"சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?"

டொப்.

தாடிக்காரரின் பேனா கீழே விழுந்தது. இரண்டு கைகளும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. "மாஸ்டரா?" என்றார். "நான்தான் அந்த மரத்துல…"

"மரம் நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டு மாஸ்டர் எழுந்தார்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது: இந்தப் பகுதியில் வண்டி ஓட்டுகிற எல்லாருமே அவரிடம் கற்றவர்கள். ஆகவே அடுத்த புள்ளிக்கு முதலில் போன் செய்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எதுக்கு?"

"கத்துக்கற எண்ணம்?"

"சுத்தமா இல்லை."

"நாளைக்கே வர்றேன்."

(தங்கை: "போன்லயே கேக்கறது நல்ல பழக்கம்தான். என்ன படிச்சிருக்கீங்க, இந்த மாதிரிப் பிரச்சினையைப் பாத்திருக்கீங்களா, எல்லாம் கேக்கலாம். ஆனா இதை இதுவரைக்கும் எங்க யார்கிட்டயும் எவனும் கேட்டதில்லை.")

6

மூன்றாமவரின் அறையில் அன்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள உக்காந்தா தலைவலிதான். நடந்துக்கிட்டே பேசலாமா?" என்றார். பக்கத்துப் பூங்காவுக்குள் இறங்கினார்கள். ஆள் நடமாட்டமில்லாத ஓரப் பாதை.

"உங்க மனைவி என்ன சொல்லுவாங்கன்னு பயப்படறீங்க?"

மாஸ்டர் நடந்துகொண்டே சொன்னார்: "போறேன்னு சொல்லுவாளோன்னு."

"சொன்னா?"

"எனக்கு நிறுத்தத்தான் தெரியும் மேடம். நிக்காத விஷயத்தை என்ன பண்றதுன்னு தெரியாது."

இன்னும் நிறையப் பேசினார். வாசலுக்குத் திரும்பியபோது அந்த அம்மாள் கீழே பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நேரத்துல உங்க கால் ஒரு தடவைகூட அழுத்தலை, கவனிச்சீங்களா?"

இது எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிரேக்கை மிதிக்க, உட்கார்ந்த உடம்பும் சும்மா இருக்கும் காலும் வேண்டும். நடக்கிறவனின் கால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றைத் தரையில் அழுத்தினாலும் அடுத்த கணமே தூக்கியாக வேண்டும்.

"அப்ப குணமாயிடுச்சா?"

"இல்லை. ஒரு வழி கிடைச்சிருக்கு. பயத்தைப் பத்தி அடுத்த வாரம் பேசுவோம், வாங்க."

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. மனைவிக்கு வேறு ஊர்க் கிளையில் பெரிய பொறுப்பு கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லத்தான்— அல்லது, தானும் வண்டி ஓட்டக் கற்க வேண்டும், ஆனால் வேறு மாஸ்டரிடம் என்று— அல்லது, மாஸ்டர் பயந்ததேதான்—

தங்கை சொன்னாள்: "அண்ணா, அந்தப் பொம்பளை வாயைத் திறக்கறப்பல்லாம் நீயும் வாக்கியத்து நடுவுல ஒரு கோட்டைப் போட்டு நிறுத்தற. அவர் கால் பரவாயில்லை. நீ உன் காலைப் பாரு."

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

காலை எடுத்துவிட்டேன், கூடவே அந்த மூன்று முடிவுகளையும். ஆகவே மனைவி சொன்னது என்ன என்பது இந்தக் கதையில் இல்லை. மூன்றில் ஒன்றையோ நான்காவதையோ நீங்கள் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாதம் முடிவதற்குள் ஒரு மாலை மாஸ்டர், "வா, நடந்துட்டு வரலாம்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஏங்க, ஒண்ணு சொல்லணும்," என்று தெருமுனையில் மனைவி ஆரம்பித்தார். பாதியில் தயங்கி, பழக்கத்தில், கணவரின் காலைப் பார்த்தார். கால் அடுத்த அடி வைத்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது; ஆனாலும் கேட்டார்:

"அப்புறம்?"

மனைவி முழுவதையும் சொல்லி முடித்தார்.

வழி இதுதான்: பயமான பேச்சு வந்தால் உட்காராதீர்கள், இருவரும் வெளியே இறங்கி, நடந்துகொண்டே பேசுங்கள்.