எதுக்கு அந்தச் சிரமம்

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சிகாகோவில் தன் வீட்டுச் சமையலறையில் மார்லிஸ் சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று எமில் ஹவ்லிக் கேட்டார். மார்லிஸ் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அட, உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்றாள்.

அவள் பிறந்த ஊரில் இதற்குப் பொருள், 'மனசு குளிர்ந்தது, இன்னும் இரண்டு தடவை கேள்' என்பது. விஸ்கான்சினில் லின்டல் என்ற அந்தச் சின்ன ஊரில், காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, எனக்காக அடுப்பு மூட்டாதீர்கள் என்பார்கள். மூன்றாம் தடவை, ஏற்கெனவே போட்டிருந்தால் அரைக் கோப்பை போதும் என்பார்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு கோப்பை குடிப்பார்கள். முதல் தடவையே சரி என்று கையை நீட்டுகிறவனைப் பற்றி, பாவம், வளர்ப்பு அப்படி என்று ஊர் ஒரு வாரம் பேசும். மார்லிஸ் அந்த ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் போய் ஆறு வருஷம். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, சிகாகோக்காரர்களின் கூச்சலையெல்லாம் சமாளித்துப் பழகிவிட்டாள். ஆனாலும் நாக்கு மட்டும் இன்னும் லின்டலில்தான் குடியிருந்தது.

எமில் தலையை ஆட்டி, "சரி" என்றார். சூப் அருமை என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

மே மாதம் முழுக்க மார்லிஸ் காத்திருந்தாள். ஜூனில் தலைமுடியை வேறு மாதிரி வெட்டிக்கொண்டாள். எமில் அதையும் அருமை என்றார். அவளுக்கு விளங்காதது ஒன்றுதான். எமிலின் குடும்பம் மூன்று தலைமுறையாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்த விலைக்கு விற்ற குடும்பம். வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிற ஓட்டல்காரனை மார்க்கெட் வாசல்வரை போகவிட்டு, அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் மாமியார் உடம்பை விசாரித்து, பத்து மூட்டையை அவன் வண்டியில் ஏற்றி அனுப்புகிற மனுஷன். ஒரு நாளைக்கு நாற்பது 'வேண்டாம்' கேட்டு நாற்பதையும் கரைத்தவர், இவள் சொன்ன ஒரே ஒரு 'வேண்டாம்'-ஐ மட்டும் கல்வெட்டு மாதிரி நினைத்துக்கொண்டால் என்ன செய்வது?

செப்டம்பரில் எமில் கடையை விற்றார். அரிசோனாவில் தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியாக இருக்கிறதாம், நவம்பர் முதல் தேதி கிளம்புகிறேன் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

போகாதே, என்னை இன்னொரு தடவை கேள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் மார்லிஸின் ஆட்கள், சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட, 'இதுக்கு உப்பு நல்லாத்தான் இருக்கும்' என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்கள். கல்யாணத்தை எப்படி வாய்விட்டுக் கேட்பது? யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அக்டோபரில் மரமெல்லாம் சிவந்திருக்கும், ஒரு வாரக்கடைசிக்கு லின்டல் போய் வரலாம் என்றாள். இரண்டு நாள் அந்த ஜனங்களுக்கு நடுவே நடமாடவிட்டால் போதும். ஆள் புத்திசாலி. தானாகவே கணக்குப் போட்டுக்கொள்வார்.

அக்கா ஆர்டிஸும் அவள் புருஷன் லோவெலும் பால் பண்ணையை விட்டபின், ஊர் நடுவிலிருந்த பழைய டாக்டர் வீட்டை வாங்கி, நாலு அறையைத் தங்க வருகிறவர்களுக்கு விட்டிருந்தார்கள். மார்லிஸுக்குக் கிழக்குக் கோடியில் ஓர் அறை, எமிலுக்கு மேற்குக் கோடியில் ஓர் அறை, நடுவில் முனகும் பலகைகள் போட்ட நடை. ஆர்டிஸுக்கு எல்லாம் தெரியும். மார்லிஸ் அவளிடம் தொலைபேசியில் ஏப்ரலிலிருந்தே அழுது தீர்த்தாயிற்று. லோவெலுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் சொன்னால் மாடுகளுக்கும் சொல்லிவிடுவார் என்பது ஆர்டிஸின் பழைய அனுபவம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நால்வரும் ஆற்றங்கரை விடுதிக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள். மீன் வருமுன் ஒரு கூடையில் பொரித்த பாலாடைக்கட்டி வந்தது. பேசிக்கொண்டே எல்லோரும் எடுத்துத் தின்று, கூடையில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. லின்டலில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதியாகப் பிட்டு எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி, கடைசியில் ஒரு துணுக்கு சமையலறைக்கே திரும்பிப் போகும். நீங்க எடுத்துக்கங்க என்று லோவெல் மரியாதைக்குச் சொன்னார். எமில் நன்றி சொல்லி, முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

லோவெல் காலிக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சிகாகோவில் இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார்.

மார்லிஸ் மனம் தளரவில்லை. மறுநாள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை விற்பனை. அங்கே பாடத்தைக் கண்ணெதிரே நடத்திக் காட்டிவிடுவது என்று கிளம்பினாள். நீள மேஜைக்குப் பின்னால் நின்ற வயசான அம்மாளுக்கு இவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். ஒரு பெரிய துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். மார்லிஸ் எமிலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நன்றாகக் காதில் விழும்படி சொன்னாள். அம்மாள் மறுபடி நீட்டினாள். ஐயோ, எனக்காக வெட்டவேண்டாம் என்றாள் மார்லிஸ். பை ஏற்கெனவே வெட்டித்தான் இருந்தது. அம்மாள் மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தாள்.

அதற்குள் எமில் குறுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, அவங்க வேண்டாம்னு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. விட்டுடுங்க, பாவம்."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மாளின் கையிலிருந்த தட்டு அந்தரத்தில் ஒரு கணம் நின்று, திரும்பிப் போய், பின்னால் நின்றவருக்குக் கிடைத்தது. மேஜை வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. தனக்கு நீட்டிய துண்டை எமில் முதல் தடவையே வாங்கிக்கொண்டார். இலவங்கப்பட்டை வாசனை மார்லிஸின் மூக்குவரை வந்து, அப்படியே எமிலோடு வெளியே போயிற்று.

ஆற்றங்கரைப் பெஞ்சில் அவர் சாப்பிட, இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே மேப்பிள் மரங்கள் நெருப்புப் பிடித்த மாதிரி நின்றன. ஒருத்தரும் அவற்றைப் பார்க்கவில்லை. பசியும் எரிச்சலும் சேர்ந்ததில் மார்லிஸுக்கு, அவள் அளவில், பெரிய துணிச்சல் வந்தது. நேரே கேட்காமல் சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். மார்க்கெட்டில் ஒருவன் வேண்டாம் என்று போனால் வாசல்வரை விரட்டிப் பிடிப்பாயே, அது எப்படி என்றாள்.

எமில் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அவனுக்கு வெங்காயம் வேணும்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நடுவுல விலைதான் சண்டை" என்றார். "அப்பா ஒண்ணு செய்வார், பாத்துக்க. வீட்டுக்குள்ள வந்ததும் மார்க்கெட் குரலைத் தொப்பியோட சேத்து ஆணியில மாட்டிடுவார். அம்மா வேண்டாம்னா வேண்டாம்தான். கடையில நான் மனுஷங்களப் பேசிப் பேசி மடக்கியிருக்கேன், மார்லிஸ். உன்னை அப்படி மடக்கிட்டா, அப்புறம் நீயா வந்தியா, நான் தள்ளிட்டு வந்தேனான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

மீதி ஆப்பிள் பையை அவள் பக்கம் நகர்த்தி, சாப்பிடுகிறாயா என்று கேட்டார். மார்லிஸின் வாய் அவளைக் கேட்காமலே வேண்டாம் என்றது. சரி என்று அவரே தின்று முடித்தார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் துடைக்கிற சாக்கில் அவள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு மாதமாக முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்த ஆள், முட்டாளே இல்லை. தன் 'வேண்டாம்'-க்கு இவ்வளவு மதிப்பு வைத்த ஒரே மனுஷன். அவரிடம் போய், அது பொய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"சொல்லிடேன்" என்றாள் ஆர்டிஸ், ஒரு தட்டை மூன்றாம் முறையாகத் துடைத்தபடி.

"நீயா இருந்தா சொல்லுவியா?"

ஆர்டிஸ் தட்டை வெளிச்சத்தில் பார்த்தாள். "நான் லோவெலுக்கே ரெண்டு தடவ வேண்டாம்னேன். மூணாவது தடவ கேக்க அவர் ஒரு அறுவடை முழுக்க எடுத்துக்கிட்டார். ஆனா கேட்டார், பாரு."

ஞாயிற்றுக்கிழமை விடைபெறுதல் தொடங்கியது. பத்து மணிக்கு லோவெல் தொடையில் தட்டி, சரி, அப்புறம் என்றார். அதன் பொருள் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்பது. சமையலறை வாசலில் இருபது நிமிஷம் நின்று பேசினார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு முன்கதவருகே பதினைந்து நிமிஷம். பதினொன்றே காலுக்குக் காரருகே, சரளைக்கல் மேல் வந்து சேர்ந்தார்கள். நவம்பர் முதல் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

லோவெல் கொட்டகைக்குப் போய் ஒரு சாக்கு உருளைக்கிழங்கைத் தூக்கி வந்தார். வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கு விற்ற ஆளுக்கு உருளைக்கிழங்கு. எடுத்துட்டுப் போங்க என்று நீட்டினார். எமில் சந்தோஷமாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

லோவெல் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். சொல்லவேண்டியது இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. அவற்றை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு மணி நேரமாக அடக்கிவைத்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க, எமில். உங்க ஊர்ல எல்லாம் ஒரே தடவதான் கேப்பாங்களா?"

"எதை?"

"எதையும்தான். இங்க மூணு தடவ கேக்கணும். முதல் வேண்டாமுக்கு அர்த்தமே கிடையாதே. அது தும்மல் மாதிரி, தானா வரும்."

ஆர்டிஸ் புருஷனைப் பார்த்த பார்வையில் முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

சரக்கு எடைபோடும்போது தராசு முள் நிற்கும்வரை வாய் திறக்காத வழக்கம் எமிலுக்கு. வெள்ளிக்கிழமை கூடை, சனிக்கிழமை ஆப்பிள் பை, ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவதை மார்லிஸ் பார்த்தாள். கடைசியில் அவர் காரின் கூரைக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஏப்ரல்ல நீ சொன்னது?"

மார்லிஸ் சரளைக்கல்லைப் பார்த்தாள். "சூப் ஆறிட்டிருந்துச்சு" என்றாள். அதைவிட வெளிப்படையாக அவள் வாழ்க்கையில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

எமில் சாக்கைக் கீழே வைக்க மறந்து, காரைச் சுற்றி வந்தார். பக்கத்து வீட்டுப் புல்வெளியில் சருகு வாரிக்கொண்டிருந்தவர் வாருகிற மாதிரியே குனிந்தபடி வாருவதை நிறுத்தினார். மார்க்கெட் குரல் இல்லை. சமையலறையில் கேட்ட அதே குரல்தான்.

"மார்லிஸ், என்னைக் கட்டிக்கிறியா?"

இது இரண்டாவது தடவை. முறைப்படி இன்னொரு வேண்டாம் அவளுக்கு உரிமை. ஐம்பத்தொன்பது வருஷ வளர்ப்பு நாக்கு நுனியில் வந்து, 'எதுக்கு அந்தச்' வரை தயாராக நின்றது. அக்கா அவருக்குப் பின்னாலிருந்து, சொல்லு, சொல்லு, இன்னும் ஒரு வேண்டாம்தானே என்று தலையாட்டினாள். லோவெல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எமில் காத்திருந்தார். மூன்றாவது தடவையும் கேட்கத்தான் போகிறார், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அது தும்மல்தான் என்று தெரிந்துமே, நடுவில் ஒரு வினாடி அதை நம்புவார் என்பதும் தெரிந்தது. அந்த ஒரு வினாடியைக் கொடுக்க மார்லிஸுக்கு மனம் வரவில்லை.

"கட்டிக்கிறேன்" என்றாள்.

"இது ரெண்டுதானே" என்றார் லோவெல்.

எமில் சிரித்தாரா அழுதாரா என்று சாக்கு மறைத்துவிட்டது. அவர் கோட்டின் பித்தானைப் பிடித்துக்கொண்டு மார்லிஸ், அரிசோனா ரொம்ப தூரம்னு சொல்றாங்க என்றாள், பித்தானிடம்.

"போகவேண்டாங்கறியா?"

"ஆமா."

ஒரே காலையில் இரண்டு நேர்ப் பதில். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தம்பிக்கு இன்றைக்கே போன் பண்ணிவிடுகிறேன், வீட்டை வேறு யாருக்காவது விடட்டும் என்றார் எமில். கோட்டுகளைக் கழற்றிக்கொண்டு நால்வரும் மறுபடி வீட்டுக்குள் போனார்கள். அன்று அவர்கள் சிகாகோவுக்குக் கிளம்பியபோது மணி நாலு.

ஆர்டிஸ் அவர்கள் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்து கொடுத்தாள், சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள், எமிலைப் போல ஒரு மாப்பிள்ளை உண்டா என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. பாத்திரம் துடைக்கும்போது தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: "இன்னும் ஒரு தடவ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், மார்லிஸ். பக்கத்து வீட்டுக்காரர் பாத்துட்டிருந்தார்."