படுக்க வைத்த விஸ்கி

2023 அக்டோபர் 23, ஆயுத பூஜை. அடையாறு காந்தி நகரில், ஆனந்தகுமார் வீட்டு அலமாரியில், 1974-இல் வடித்த ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் ஒன்று படுக்கைவாட்டில் இருந்தது. அலமாரிக் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

பூஜைக்கு வந்திருந்த கனகராஜ் அதைப் பார்த்துவிட்டார். தி.நகரில் பட்டுக்கடை வைத்திருப்பவர். ஆனந்தகுமாரின் சகலை, பத்து வயது மூத்தவர். எட்டு வருடமாக பிரெஞ்சு ஒயின் சேர்க்கிறார். அதற்குக் குளிர்ந்த தனி அலமாரி, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ஒயினுக்குப் பாட்டிலுக்குள்ளும் வயதாகும், பருவம் தவறினால் கெட்டுப்போகும், விஸ்கிக்கு அடைத்த அன்றே வயது நின்றுவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். மாமனார் அதை ஒருகாலத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவர்.

ஆனந்தகுமாரின் பாட்டில், சிங்கப்பூரில் பழைய முதலாளி கொடுத்தது. முன்பு பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. லண்டன் ஏல நிறுவனம் ஒன்றுக்கு விளையாட்டாகப் போட்டோ அனுப்பினார். பன்னிரண்டு லட்சம் போகும் என்று பதில் வந்தது. கனகராஜின் நாற்பது பாட்டிலும் சேர்ந்து ஒன்பதைத் தாண்டாது. அதற்குப் பிறகு விசேஷங்களில் மாமனார் இடம் மாறி உட்கார்ந்தார். "பீரோல சும்மா நின்னதுக்கா மாப்ள பன்னெண்டு லட்சம்?" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டார்.

"உங்க அலமாரியப் பாத்துதான் அண்ணாச்சி படுக்க வெச்சேன். சரிதான?" என்றார் ஆனந்தகுமார்.

ஒயினின் கார்க் காயக் கூடாது, அதனால் படுக்க வைப்பார்கள். விஸ்கியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அதன் காரம் கார்க்கை அரித்துவிடும். கனகராஜுக்கு இது தெரியும்.

"சரிதான் தம்பி," என்றார்.

அந்தப் பூஜைக்குப் பிறகு அவர் அடிக்கடி அடையாறு போனார். தங்கை வீட்டுக்குத் தன்னைவிட அவர்தான் அதிகம் போகிறார் என்று மனைவி ஷண்முகப்ரியா கிண்டல் செய்தாள். "பாட்டிலுக்கு ஜாதகம் பாக்கப் போறீங்களா?"

ஏப்ரலில் பாட்டில் கழுத்தடியில் பழுப்பாக ஒரு கசிவு தெரிந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். ஹாலில் மாமனார் அந்தப் பன்னிரண்டு லட்சத்தை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கனகராஜ் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைத்த ஆனந்தகுமாரின் மனைவி ஜெயபாரதி, வாடை வருகிறதென்று கணவரைக் கூப்பிட்டாள். கார்க் கையோடு உதிர்ந்து வந்தது. மூன்றில் ஒரு பங்கு விஸ்கி இல்லை. ஏல நிறுவனம் எடுக்க மறுத்துவிட்டது.

ஆனந்தகுமார் யாரையும் குறை சொல்லவில்லை. மாமனாரும் கனகராஜும் வந்தபோது மிச்சத்திலிருந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். "இந்த பாட்டிலே சரியில்ல போல அண்ணாச்சி. இனிமே ஒயின்தான். நீங்களே பாத்து வாங்கித் தாங்க."

கனகராஜ் ஆறு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கும் மாமனார், ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஆனந்தகுமார் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.