இசட் டிரைவில் ரோஷனின் அழுகை

தேர்வு நாட்களில் எங்கள் வளாகத்தில் எழும் அழுகை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை, பொதுச் சேமிப்பகத்துக்குப் போய்விடும். ஊழியர் குடியிருப்புக்கும் தேர்வுக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். அதனால் இந்த ஏற்பாடு. குழந்தை வாயைத் திறக்கும்; சத்தம் வராது. சத்தம் கணினி மையத்துக்குப் போய் அந்தக் குழந்தையின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் சேர்ந்துவிடும். கேட்க விரும்பும் பெற்றோர் தங்கள் கணினியைச் சேமிப்பகத்தோடு இணைத்துத் திறந்து கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் இணைப்பதில்லை. ஐந்து மணிக்கு மேல் அழுவதைக் கேட்கவே நேரம் போதவில்லை என்பார்கள்.

ரோஷனுக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போடும்வரை நானும் இணைக்கவில்லை.

ஊசி போட்ட நர்ஸ் சொல்லியிருந்தார்: "லேசா காய்ச்சல் வரும். பயப்படாதீங்க. ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல விடாம வீல்வீல்னு கத்தினான்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

பயப்படாதே என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்துதான் எனக்குப் பயம் ஆரம்பிக்கும். மறுநாள் காலை ஒன்பதரையிலிருந்து ரோஷன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கொட்டாவியா, பசியா, வீல்வீலா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். ஓடுகிற ஃபிரிட்ஜைத் தொட்டதுபோல் லேசாக அதிர்ந்தது. என் கணவர் அகஸ்டின் இங்கேதான் விரிவுரையாளர். ஆனால் அன்று வெளியூரில், விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

மூன்று மணி நேரம் என்றால் பன்னிரண்டரை. பதினோரு மணிக்கு ஒரு தோளில் லேப்டாப், மறு தோளில் ரோஷன் என்று கணினி மையத்துக்கு நடந்தேன்.

அங்கே கோமதிநாயகம் என்பவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் ஆபீஸோடதா, சொந்தமா?"

"சொந்தம்."

"குழந்தை?"

"சொந்தம்தான்."

இரண்டையும் எழுதிக்கொண்டார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, சேமிப்பகத்துக்கு டிரைவ் எழுத்து ஒன்று ஒதுக்க வேண்டும் என்றார். "சி, டி எல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு. இசட் வெச்சுக்குங்க மேடம். கடைசித் தெரு, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க." பிறகு முகவரியைத் தட்டினார், வளாகத்தின் பெயர், ஒரு சாய்கோடு, என் மகனின் பெயர். 'ஒவ்வொரு முறையும் தானாக இணையட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். இசட் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"உங்க பையன் பொறந்ததுலேர்ந்து அழவே இல்லைன்னு காட்டுது."

"இப்பக்கூட அழறான் சார். பாருங்க, வாயைத் திறக்கறான்."

"சத்தம் வந்துச்சா?"

"விதிப்படி வரலை."

"அப்ப விதிப்படி இங்கே வந்திருக்கணுமே." அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பதிவு ஃபாரத்தை யாரு நிரப்பினது?"

நான்தான் நிரப்பினேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்பெச்சுவா காலியாக விட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை மதிப்பெண் குறைப்பார். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு இருப்பது இனிஷியல்தான். காலியாக விட மனம் வராமல், அந்த இனிஷியல் எந்தப் பெயரோ அதை, அகஸ்டின் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

"அதானே பார்த்தேன்," என்றார் கோமதிநாயகம். "குடும்பப் பேர் இருந்தா இங்கே அதை வெச்சுத்தான் அடுக்குவோம். மூணரை மாசமா உங்க பையன் சாரோட கணக்குல அழுதுட்டு இருக்கான். சார் பாஸ்வேர்டு தெரியுமா?"

"தெரியும்."

"கல்யாணத் தேதியா?"

"பைக் நம்பர்."

அவர் அதைத் தட்டினார். மணி பதினொன்று நாற்பது. இசட்டைத் துண்டித்து, அகஸ்டின் பெயரில் மறுபடி இணைத்தார். அவருடைய வினாத்தாள் ஃபைல்களுக்குக் கீழே ரோஷனின் அழுகைகள் வரிசையாக இருந்தன. பெயர், தேதி, நேரம், நீளம், காரணம் என்று ஐந்து பத்திகள்.

அன்றைய தேதியைத் தேடினேன். ஒன்பது முப்பத்திரண்டு, ஈரம். ஒன்பது ஐம்பத்தெட்டு, பசி. பத்து நாற்பத்தொன்று, ஊசி போட்ட இடம், ஆறு நிமிடம். பதினொன்று ஐந்து, அம்மா வேகமாக நடக்கிறாள். எல்லாவற்றிலும் நீளமானது அந்த ஆறு நிமிடம்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை முழுக்கக் கேட்டேன். வீல்வீல் இல்லை, சிணுங்கல்தான். பதினொன்று நாற்பத்திரண்டில் 'பசி' என்று புதிதாக ஒன்று வந்து விழுந்தது. சர்வர்கள் இருந்த அந்த அறை குளிராக இருந்தது. ஓரமாக உட்கார்ந்து துப்பட்டாவைப் போர்த்திப் பால் கொடுத்தேன்.

அவன் குடிக்கும்போது மேலும் கீழுமாகப் பட்டியலைப் பார்த்தேன். மேலே, ரோஷன் பிறந்த நாளில், அகஸ்டின் பெயரில் ஒன்று இருந்தது. அன்று அரியர் தேர்வு. நான்கு நிமிடம். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போனதாக அவர் சொல்லியிருந்தார்.

"பெரியவங்களுதும் வருமா சார்?"

"விதியில வயசு போடலையே மேடம்."

கீழே, இன்றைக்குப் பிறகும் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெயருக்கு இடம் ஒதுக்கும்போதே மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள் என்று கோமதிநாயகம் சொன்னார். அடுத்த திங்கள், பசி. பல் முளைக்கும் வாரம். ஐந்து வயதில் தொலைந்துபோன ஒரு ஷூ. பதினாறு வயதில், காரணம் சொல்ல விருப்பமில்லை. பிறகு வருடத்துக்கு ஒன்றுகூட இல்லை. நாற்பத்தோரு வருடம் தள்ளி, ஒரு நவம்பர் வியாழக்கிழமை, காலை பத்து பத்துக்கு ரோஷன் பெயரில் ஒன்று. நீளம் மூன்று மணி நேரத்துக்கு மேல். காரணப் பத்தியில் 'அம்மா' என்று மட்டும் இருந்தது.

அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று ஆகியிருக்கும். அதை இரண்டு தடவை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான். அவன் நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் குறைந்திருந்தது.

அந்த ஃபைலைத் திறக்கவில்லை. அந்த வியாழக்கிழமை என்ன தேர்வு என்று மட்டும் கேட்டேன். கோமதிநாயகம் கால அட்டவணையைப் புரட்டி, "காலையில வரைபடத் தாள்" என்றார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத ஒரு படிவம் வாங்கிக்கொண்டேன். குறிப்பிட்ட நாளின் தேர்வைத் தள்ளிவைக்கக் கோரும் படிவம். ஒரு கையில் ரோஷனைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், மகன் சத்தமாக அழ வேண்டியிருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

கோமதிநாயகம் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"ஒரு நாள் தள்ளினாப் போதுமா மேடம்?"

போதும் என்றேன். மறுநாள் அவன் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.