நீளச் சொல்லின் வால் துண்டு

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பலகையில், எல்லம்மா பெயருக்குக் கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் சொல், வஞ்சிர மீன் நீளத்துக்குக் கிடந்தது. அவள் புருஷன் தேசப்பனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் சின்ன சமாசாரத்துக்கு இத்தனை நீளம் எதற்கு? "மார்ல கீற கட்டிய மட்டும் எடுப்பாங்க நைனா" என்று மகன் இளமாறன் சொன்னபோது தரையைப் பார்த்துத்தான் சொன்னான். பள்ளிக்கரணையில் காலமெல்லாம் மீன் விற்றவருக்கு, எதையோ மறைக்கிறவனின் அந்தப் பார்வை புதிதல்ல.

மகன் மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் பலகையைச் செல்போனில் படம் பிடித்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த தபீதாள் குரோம்பேட்டையில் இங்கிலீஷ் டீச்சர். அவளிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, இத்த தல வேற வால் வேறயா நறுக்கிச் சொல்லு."

தபீதாள் சிரித்தாள். "வாயால சொல்ல நாலு துண்டுங்க ஐயா. மாஸ்-டெக்-ட-மி. அர்த்தத்துக்கு வெட்டினா ரெண்டுதான். கடைசித் துண்டு எக்டமி, வெட்டி எடுக்கிறது. டான்சில எடுத்தா டான்சில்-எக்டமி, அப்பெண்டிக்ஸ எடுத்தா அப்பெண்ட்-எக்டமி..." வகுப்பு நடத்துகிற வேகத்தில் வந்தவள் சட்டென்று நின்றாள். "இது யாருக்கு?"

"முன்துண்டு இன்னா?"

"டாக்டரக் கேளுங்களேன்."

"அவன் இங்கிலீஷ்ல பொய் சொல்வான். நீ தமிழ்ல சொல்லு."

அவள் குரல் இறங்கியது. "மார்பு. கட்டி மட்டும் இல்ல. முழுசா."

அதற்குள் ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டி கொண்டுவந்து எல்லம்மாவை ஏற்றிவிட்டார்கள். தேசப்பன் குறுக்கே பாய்ந்து வண்டிக் கம்பியைப் பிடித்தார்.

"எல்லம்மா, உன்ன ஏமாத்திக் கூட்டிகினு போறானுங்க! மாரையே எடுக்கப் போறானுங்களாம். எய்ந்திரு, வூட்டுக்குப் போலாம்."

"தெரியும்" என்றாள் அவள்.

"இன்னா தெரியும்?"

"டாக்டரு எல்லாத்தையும் சொன்னாரு. நாந்தான் சரின்னு ரேகை வச்சேன். உங்கிட்ட சொல்லாதன்னு புள்ளயாண்ட சொன்னதும் நாந்தான்."

"கட்டுன புருசன், எனக்குச் சொல்லாம..."

"சொன்னா இந்நேரம் எவனாவது வைத்தியன் வூட்ல பத்தியத்துல ஒக்கார வச்சிருப்ப. நீ யாரத்தான்யா நம்புன? நான் பொயக்கணும். கைய எடு."

வண்டி தள்ளுகிற ஆள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தேசப்பன் கையை எடுத்தார்.

"மெதுவா தள்ளு" என்றார் அவனிடம். "வாசப்படியாண்ட தூக்கிப் போடும்."