இந்த வருடம் ஒன்பது பேர்

மின்விசிறியின் இறக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அவள் ஏறி நின்ற ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. ஆடும் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெல்டர் தரையில் குந்தியிருந்தான். துணியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு அவனுடைய வெள்ளைச் சட்டையின் தோளில் விழுந்தது.

“போச்சு. இன்னைக்குன்னே இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்த சட்டைக்கா இது.”

“உன்னை யாரு மாப்பிள்ளைக் கோலத்துல வரச் சொன்னது? ஃபேன் துடைக்கத்தானே கூப்பிட்டேன்.”

“அதிகாரி வர்றார்னு சொன்னீங்களே. பாக்கிற மாதிரி வர வேணாமா?”

லாரிகள் நிறுத்தும் திடலுக்கு எதிரே, சாலையோரமாக இருந்த ஒற்றை அறை அது. முன்பு டயர் கிடங்கு. மழை பெய்தால் இன்னமும் சுவரிலிருந்து ரப்பர் வாசனை கிளம்பும். நான்கு வருடமாக அரசாங்க நிதியில் நடக்கிற மனநல, போதைத் தடுப்பு மையம். வியாழக்கிழமை மட்டும் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் மையம் என்றால் அக்காதான். களப்பணியாளர் என்பது அவள் வேலையின் பெயர். காலையில் கதவைத் திறந்து, வருகிறவர்களுடன் உட்கார்ந்து பேசிவிட்டு, பதினோரு மணிக்கு நடக்கத் தொடங்குவாள். திடல், அதன் பின்னால் ஆறு தெருக்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், சுமை தூக்குபவர்களின் கொட்டகை. எந்த வீட்டில் யார் மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, எந்தப் பையனின் புத்தகப் பையில் பசை டப்பா இருக்கிறது என்பதெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். வாங்குகிற செருப்பு ஆறு மாதம் தாங்குவதில்லை.

வெல்டர் முதல்முறை இங்கே வந்தபோது அவனால் வெல்டிங் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. குடியால் கை நடுங்கி, பற்றவைத்ததெல்லாம் கோணலாக ஒட்டியது. ஒரு கடைக்காரர் தன்னுடைய இரும்புக் கேட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து அவன் வீட்டு வாசலில் போட்டுவிட்டு, “இதை உன் பொண்டாட்டிக்கு மாட்டிக் காட்டு” என்று சொல்லிப் போனார். அந்தக் கேட் ஒரு வருடம் வாசலிலேயே கிடந்தது. இப்போது அதே கடைக்காரரின் மாடிப்படிக்குக் கைப்பிடி போடுவதும் அவன்தான்.

வாசலில் நிழல் தட்டியது. லாரிக்காரர் கதவின் அகலத்துக்கு நின்றார். குளித்து, முகம் மழித்து, தலையைப் படிய வாரியிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து தையல்காரம்மா மடித்த ஜன்னல் திரையுடன் எட்டிப் பார்த்தாள்.

“கொஞ்சம் வழி விடுங்கண்ணே. நீங்க நின்னா கதவே தேவையில்ல.”

“சந்தோஷம்மா. அதையும் அதிகாரிகிட்டச் சொல்லு. கதவுச் செலவு மிச்சம்.”

தையல்காரம்மா திரையை மாட்டினாள். இளம்பச்சைத் துணி. இரண்டு இரவு உட்கார்ந்து தைத்ததாகச் சொன்னாள். ஒரு காலத்தில் அவள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள், அப்போது தைக்கவில்லை.

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, புதுச் சேலை.

“என்னக்கா அப்படிப் பாக்கிறீங்க?” என்றான் வெல்டர்.

“இல்ல, அடுத்த வருஷ நிதி குடுக்கிறதுக்கு முன்னாடி சிகிச்சையில இருக்கிறவங்களைப் பாக்கணும்னு அதிகாரி எழுதியிருக்கார். உங்களைப் பாத்தா கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கு.”

லாரிக்காரர் சீப்பால் வாரிய தலையைக் கையால் கலைத்துவிட்டார். “இது போதுமா? இல்ல, சட்டையைக் கொஞ்சம் கிழிச்சுக்கவா?”

“அவர் கிழிக்க வேணாம். கொஞ்சம் இழுத்து மூச்சு விட்டா பட்டனே தெறிச்சிரும்” என்றாள் தையல்காரம்மா. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரி பதினொன்றரை மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர்; நல்ல வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்திருந்தார். இரண்டு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். மையத்தின் பதிவு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“பேஷண்டுங்க எப்ப வருவாங்கம்மா?”

“வந்துட்டாங்க சார். இவங்கதான்.”

அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“நல்லாத்தானே இருக்காங்க?”

“ஆமா சார். அதுக்குத்தானே சார் மையம்.”

அவர் தலையை ஆட்டினார். பேனாவின் முனையைப் படிவத்தின் ஒரு கட்டத்தில் வைத்தார். “புதுசாப் பதிவானவங்க. முதல் வருஷம் நாப்பத்து மூணு. அடுத்தது முப்பத்தெட்டு. போன வருஷம் இருபத்தாறு. இந்த வருஷம்?”

“ஒன்பது பேர் சார்.”

பேனா நின்றது. “குறைஞ்சபட்சம் இருபத்தஞ்சு இருக்கணுமே.”

“குறைஞ்சதுக்குக் காரணம் இருக்கு சார்.” அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “திடல்ல முன்னாடி டிரைவருங்க தூக்கம் வராம இருக்க மாத்திரை போடுவாங்க. இப்ப இந்த அண்ணனே ஒவ்வொரு வண்டியாப் போய்ப் பேசுறார். பள்ளிக்கூடத்துல மாசம் ரெண்டு தடவை நான் போறேன். அங்க பசை மோந்த பசங்க பதினாலு பேர் இப்ப மோக்கிறதில்ல. அவங்க யாருமே இங்க வந்து பதிவு பண்ற நிலைமைக்குப் போகல. வராம தடுத்தவங்களை எந்தக் கட்டத்துல சார் எழுதுறது?”

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா.”

“வேணும்னா நான் ஒரு வாரம் மறுபடி மாத்திரையை ஆரம்பிக்கட்டுமா சார்?” என்றார் லாரிக்காரர். “என் கூட்டாளிங்க ஒரு பதினஞ்சு பேரையும் சேத்துக்கறேன். இருபத்தஞ்சு வந்துரும். கணக்கு முடிஞ்சதும் நிறுத்திக்கலாம்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது தையல்காரம்மா எழுந்து நின்றிருந்தாள்.

“சார், எனக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம் தூக்கமே இல்ல. யாருகிட்டயும் சொல்லல. ஒரு நாள் மத்தியானம் தண்ணித் தொட்டி இருக்கிற மாடிக்குப் போய் ஓரமா நின்னேன். இவங்க அந்தப் பக்கமா வேற யாரையோ பாக்க நடந்து போயிட்டிருந்தாங்க. தலையைத் தூக்கிப் பாத்தாங்க. படியேறி மேல வந்து, ‘வெயிலு சுடுதே, உள்ள போய்ப் பேசலாமா’ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல.” அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “இவங்க அன்னைக்கு ஆபீஸ்லயே உக்காந்திருந்தா சார்?”

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். படிவத்தின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு வரி இருந்தது. அதில் எழுதத் தொடங்கினார். வரி முடிந்தது. ஓரத்தில் எழுதினார். பிறகு தாளைப் பக்கவாட்டில் திருப்பி, மற்ற ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதினார்.

போகும்போது வாசலில் நின்று, “என்னால முடிஞ்சதை எழுதியிருக்கேன்மா. எனக்கு மேலயும் ஆளு இருக்கு” என்றார். வெல்டர் தன் பைக்கில் அவரைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவந்தான்.

“நல்ல மனுஷன்” என்றார் லாரிக்காரர். “அந்த ஓரத்துல எழுதினதைப் படிச்சாலே போதும். நிதி தானா வரும்.” அன்று மாலை நான்கு பேரும் டீ குடித்தார்கள். அக்காவே டீ வாங்கிக் கொடுத்ததும், தையல்காரம்மா லாரிக்காரரைப் போல நடந்து காட்டியதும் அந்த மாலையில்தான்.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. அக்கா உறையைப் பிரித்து, முதல் இரண்டு வரிகளைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது. “பாராட்டுக் கடிதம்!” என்றாள். குரல் பெரிது என்பதால் லாரிக்காரரிடம் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று படித்தார்.

“‘தங்கள் பகுதியில் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருப்பதற்குத் தங்கள் மையத்தின் சீரிய பணியே காரணம் என்பதைத் துறை மனமாரப் பாராட்டுகிறது...’ கேட்டீங்களா? சீரிய பணி! ‘...எனவே, தேவை குறைந்துள்ளதைக் கருத்தில்கொண்டு, வரும் மாத இறுதியுடன் மையத்தின் செயல்பாட்டை நிறைவு செய்து, அதற்கான நிதியை விழிப்புணர்வு விளம்பரத்துக்கு...’”

அவர் குரல் கடைசி வார்த்தைகளில் தேய்ந்தது. கடிதத்தை மறுபடி முதலிலிருந்து மனதுக்குள் படித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

“அப்ப நாங்க நல்லானதுதான் தப்பா?” என்றான் வெல்டர்.

கடிதத்தோடு தடித்த தாளில் ஒரு சான்றிதழும் இருந்தது. அக்காவின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. அவள் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“பரவால்ல. வேற யாரோ ஒருத்தியைத்தான் வேலையை விட்டுத் தூக்கியிருக்காங்க” என்றாள். முதலில் சிரித்ததும் அவள்தான்.

மாதக் கடைசியில் ஒரு வண்டி வந்தது. மேசை, பெஞ்சு, அலமாரி எல்லாவற்றிலும் அரசாங்க எண் இருந்தது, எல்லாவற்றையும் ஏற்றினார்கள். திரையில் எண் இல்லை. தையல்காரம்மா அதைக் கழற்றி மடித்து அக்காவின் பையில் வைத்தாள். டாக்டரை வியாழக்கிழமையும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று பெட்டி மடிக்க வேண்டும்.

“முதல் தடவையா செருப்பு தேயாம இருக்கு” என்று வெல்டரிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

“அக்கா, அந்த விளம்பரப் பலகைக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற வேலை எனக்கு வந்திருக்கு. ரெண்டு மாடி உசரம். நம்ம மையத்து வாசல்லயே நடுறாங்க. நான் முடியாதுன்னு சொல்லிடறேன்.”

“எதுக்கு? வேற ஒருத்தன் பண்ணுவான், கோணலா. நீயே எடு. பலமாப் பத்த வை. காத்துல விழுந்து யாரு தலையையாவது உடைச்சிரப்போகுது.”

எட்டு நாளில் பலகை நின்றது. அதற்கடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வெல்டர்தான்.

“ஒரு ஆளு வந்திருக்கார்க்கா. மையத்துக் கதவைத் தட்டிக்கிட்டே நிக்கிறார். கொட்டகையில சுமை தூக்கறவராம். கை நடுங்குது. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“உக்கார வை. தண்ணி குடு. தனியா விட்டுராதே. வந்துட்டே இருக்கேன்.”

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு அக்கா வேகமாக நடந்தாள். கம்பெனியிலிருந்து திடலுக்குப் பதினைந்து நிமிடம். திரும்ப வரப் பதினைந்து நிமிடம். இடைவேளை நாற்பது.

பலகை தூரத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அழகான பெண் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆள் உயர எழுத்தில், ‘நீங்கள் தனியாக இல்லை. உங்கள் அருகிலுள்ள மையத்துக்கு இன்றே வாருங்கள்.’

சுமைக்காரன் தரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். இரண்டு நாளாகக் குடியை நிறுத்தியிருந்தான். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அக்கா அவன் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டீங்களா தம்பி?”

அவன் இல்லை என்று தலையசைத்தான். அவள் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். இப்படி நடுங்கும்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். அதற்குள் அங்கே வந்திருந்த லாரிக்காரர் ஒரு சின்ன வண்டி கேட்டுத் திடலுக்குள் ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து, அந்த நிலையிலும், சுமைக்காரனின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

“அவரும் உங்களை மாதிரி வந்தவர்தான்” என்றான் வெல்டர். “நானும்.”

“போர்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன்” என்றான் சுமைக்காரன். “கதவு பூட்டியிருக்கே. எப்பத் திறப்பாங்க?”

அக்கா டப்பாவை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். “முதல்ல சாப்பிடுங்க.”

வண்டி வரும்வரை ஒதுங்கச் சுற்றிலும் வேறு நிழல் இல்லை. பலகையின் நிழல் மட்டும் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. வெயில் சாயச் சாய அது மெல்ல நகர்ந்தது. சுமைக்காரனின் கால் வெயிலுக்கு வந்தபோது அக்கா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்; மூவரும் உட்கார்ந்தபடியே ஒரு முழம் தள்ளிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தள்ளிப் போனார்கள்.