ரஃபேல் வைத்த சார்ஜ் பாயிண்ட்

பெட்ரோல் காடி இருந்தவரை ஈப்போவிலிருந்து வரும் மகள் ஜானிஸ், லூனாஸில் அப்பா ரஃபேலின் வீட்டில் இரண்டு ராத்திரி தங்குவாள். மின்சாரக் காடி வந்தபின் அன்றே மத்தியானச் சோறு முடிந்ததும் கிளம்பினாள்.

"இங்க சார்ஜ் போட முடியல மாமா. வழியில கியூ நிக்கணும்," என்றான் மருமகன்.

ரஃபேல் பசாரில் முப்பது வருஷம் துணி விற்றவர். வாங்குகிறவர் சொல்லும் சாக்குப்போக்கை அடைத்தால் வியாபாரம் படியும் என்று நம்பியவர். வாசலில் சார்ஜ் பாயிண்ட் வைத்தார்.

கிறிஸ்மஸுக்கு வந்தார்கள்.

"புதுக் காடி மாமா! பெரிய பேட்டரி. சார்ஜே போட வேணாம். இன்னிக்கே திரும்பிடலாம்லா."

"ராத்திரி தங்குங்க மாப்பிள்ள, கரண்டு நம்மளுதுதான்."

"இந்தச் சூட்டுல ஏர்கோன் இல்லாம பிள்ளைங்க தூங்காதுப்பா," என்றாள் ஜானிஸ்.

அதையும் மாட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாங்க மனமில்லாதவரை அவர் ஒருநாளும் கடையில் பிடித்து வைத்ததில்லை.