துப்பாக்கி யார் பேரில்

என் வீட்டுக்காரருக்குக் கொசு அடிக்கவே கை வராது. அப்படிப்பட்ட மனிதர் எழுபது வயதில் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வது? நானும் முதலில் சிரித்தேன். பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் ஃபோனில் ரிவால்வர் வீடியோ பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இசைவாணி டீச்சர் வீட்டில்தான் இது தொடங்கியது. பாபநாசத்தில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். பட்டப்பகலில் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த இரண்டு பேர், கழுத்தில் கத்தியை வைத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆனால் அந்த வாரமே அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் தினமும் நடைப்பயிற்சிக்கு அந்தப் பக்கம்தான் போவார். பூட்டிய கேட்டையும் காய்ந்துபோன செம்பருத்தியையும் பார்த்துவிட்டு வருவார். வந்து என்னைப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் இரண்டாவது தடவையாக அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயம் செய்யவேண்டிய வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் செய்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சிங்கப்பூரிலிருக்கும் எங்கள் மகள் எழில்மொழி, ஸ்பீக்கரில் அப்பா கேட்பது தெரியாமல், "அப்பா இருக்கறவரைக்கும் சரிம்மா. அதுக்கப்புறம் நீ எங்கூட வந்துடணும்" என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். இரண்டு சம்பளத்தில் கஷ்டப்பட்டுக் கட்டிய வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் நாங்களே பார்த்துப் பார்த்து வாங்கிய வயல். எழிலின் வீடு பதினாறாவது மாடியில் இருக்கிறது. அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.

அவர் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். இசைவாணி வீடு பூட்டப்பட்ட பிறகுதான் துப்பாக்கிப் பேச்சு வந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தான் போன பிறகும் நான் இதே வீட்டில் இருக்கவேண்டும், பயமில்லாமல் இருக்கவேண்டும், அதற்குத் தன் இடத்தில் ஒரு ஆளைத் தேடினார். துப்பாக்கி என்பது அந்த ஆளின் பெயர். ஆனால் "அதுக்கப்புறம்" என்று அவர் வாயெடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு வருஷமாக இப்படித்தான் ஓடியது.

"பண்ணையார் வீட்டுத் துப்பாக்கி ஆசை இன்னும் விடலையா?" என்று ஒரு நாள் சீண்டினேன். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். பண்ணையார் ஏரிக்கரையில் மடையான் கொக்கு சுடப் போகும்போது தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போவார். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கிக் குழாயைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். ஆயுசு முழுக்கத் துடைத்தார், ஒரு தடவைகூட அவர் விரல் விசையில் பட்டதில்லை.

"அதுவுந்தான் மலரு. எங்கப்பா தொடச்ச சாமானத்த என் பொண்டாட்டி கையில குடுத்துப் பாக்கணும். தப்பா?" என்றார்.

தஞ்சாவூரில் துப்பாக்கிக் கடை இருப்பதை விசாரித்து வைத்திருந்தார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிவிடுவார் என்ற பயத்தில் நானும் கூடக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் அந்தக் கடை, வெளியிலிருந்து பார்த்தால் கைக்கடிகாரக் கடை மாதிரி இருந்தது. முன்பக்கம் குருவி விரட்டுகிற ஏர்கன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கைத்துப்பாக்கிகள் உள்ளே கம்பிக்கதவுக்குப் பின்னால் இருந்தன. கடைக்காரர் செழியனுக்கு எங்கள் மருமகன் வயதிருக்கும்.

"வாங்க சார், வாங்கம்மா. வயல்ல பன்னித் தொல்லையா?"

"இல்லீங்க தம்பி. வீட்டுக்கு. கைத்துப்பாக்கி."

"லைசென்ஸ் இருக்குங்களா?"

"இனிமேதான் மனு போடணும். எது ஒத்துவரும்னு பாத்துட்டுப் போடலாம்னு வந்தோம்."

"அது நல்லதுதான் சார். பல பேரு லைசென்ஸக் கையில வச்சிக்கிட்டு வந்து, தூக்கவே முடியலையேம்பாங்க."

முதலில் ஒரு பிஸ்டலை எடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்டிவிட்டு, மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டால்தான் குண்டு ஏறும் என்றார். என் வீட்டுக்காரர் இழுத்தார். பாதி வந்து நின்றது. மூச்சு வாங்கியது. அடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீ இழு பாப்போம்."

"நான் எதுக்குங்க?"

"இழுத்துத்தான் பாரேன்."

மூட்டுவலி விரல்களால் பிடித்து இழுத்தேன். ஆட்டுக்கல்லை நகர்த்துவது போல் இருந்தது, அசையவில்லை. செழியன் அதை வாங்கி வைத்துவிட்டு ரிவால்வர் ஒன்றை எடுத்தார். இதில் இழுக்கிற வேலை கிடையாது, குண்டு போட்டு வைத்தால் விசையை அழுத்தினால் போதும் என்றார். அழுத்தினேன். விசை பாதி வழியில் நின்றுகொண்டது. "அம்மாவுக்குக் கை சின்னது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னும் சிறிதாக ஒன்றைக் கொண்டு வந்தார்.

அதை என் கையில் வைத்து, என் வீட்டுக்காரர் தானே என் விரலைப் பிடித்து விசைமேல் பொருத்தினார். விரல் சரியாக எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். எனக்கு அந்த இடத்தில், அத்தனை இரும்புக்கு நடுவில், பூதலூர் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவருக்குப் பொதுப்பணித் துறையில் ஆற்றுப்பாசன வேலை; பூதலூரில் குடியிருந்தோம். முதல் தீபாவளிக்கு எனக்கு வளையல் வாங்கப் போனவர், கை அளவு கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று அளவிலும் ஒவ்வொரு டஜன் வாங்கி வந்தார். மூன்றும் சேரவில்லை. நான் எண்ணெய் தடவி, தோல் உரிய ஒன்றை ஏற்றிக்கொண்டு, பொருத்தமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்த மனிதர்தான் இப்போது என் விரலை அளந்துகொண்டிருந்தார்.

"இதுதான் தம்பி. இவ கைக்கு இதுதான்" என்றார்.

"லைசென்ஸ் யார் பேர்ல சார் போடப்போறீங்க?"

"என் பேர்லதான்."

"அப்புறம் ஏன் சார் அம்மா கைக்குப் பாக்கறீங்க? யார் பேர்ல லைசென்ஸோ அவங்க மட்டுந்தான் எடுக்கணும். வீட்டு மனுசங்கன்னாலும் தொடக்கூடாது."

"நான் இருக்கறப்ப நான் எடுப்பேன். நான் இல்லாதப்ப இவ எடுக்கட்டும்."

"ஊருக்குப் போயிருக்கறப்பவாங்க?"

என் வீட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். செழியனுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. லைசென்ஸ்காரருக்கு ஒண்ணு ஆயிட்டா, துப்பாக்கிய ஸ்டேஷன்லயோ எங்கள மாதிரி கடையிலயோ ஒப்படைச்சிடணும். அப்புறம் அம்மா தன் பேருக்கு மனு போட்டு, விசாரணையெல்லாம் முடிஞ்சு, உத்தரவு வந்தா வாங்கிக்கலாம். அதுக்கு எவ்வளவு காலம் ஆகும்னு சொல்ல முடியாது."

"அப்படின்னா இவ தனியா இருக்கற அன்னைக்கு அது வீட்ல இருக்காதா?"

"இருக்காது சார்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே கட்டி வைத்திருந்த காவல், எந்த நாளுக்காகக் கட்டினாரோ அந்த நாளில் சரியாகக் கழன்று விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன்.

"அம்மா பேர்லயே போட்டுடுங்களேன் சார்" என்றார் செழியன். "டாக்டர் சர்டிபிகேட், பயிற்சி எல்லாம் இருக்கு. அம்மா தெம்பாத்தான் இருக்காங்க. போலீஸ்ல வந்து, யாரால ஆபத்து, எதுக்கு வேணும்னு கேப்பாங்க. பதில் சொல்லணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பேரில் என்றால், அது வயசான ஆம்பிளையின் ஆசை என்று சிரித்துவிட்டுப் போகலாம். என் பேரில் என்றால், அவர் முதலில் போவார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அர்த்தம். அந்தச் சின்ன ரிவால்வரைக் கண்ணாடிமேல் வைத்தேன்.

"யாரால ஆபத்துன்னு கேட்டா என்ன சொல்றது? இதோ உக்காந்திருக்காரே, இவராலன்னு சொல்லவா? எனக்கு வேணாங்க" என்றேன். செழியன் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. ஐப்பசி மாசத்து மூட்டம். பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. சாதாரணமாக, தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்திருக்கிறது, எதற்குப் பாயவில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்.

"முத்துப்பேட்டையில நான் வேலை பாத்தப்ப நீ பயந்ததே இல்லியே மலரு" என்றார் திடீரென்று. "கடைமடை மதகுக்குப் பக்கத்துல ஒத்தக் குவார்ட்டர்ஸு. ஒரு ஈ காக்கா கெடையாது. வெள்ளம் வந்தா நான் பாட்டுக்கு மணல் மூட்டையோட கரையிலயே கெடப்பேன். நீயும் கைக்கொழந்தையும்தான். ஒரு நாளு பயமா இருக்குன்னு சொன்னதில்ல. அந்தத் தைரியம் இப்ப எங்க போச்சு?"

"பயப்படலைன்னு யாரு சொன்னா?"

திரும்பிப் பார்த்தார்.

"வாசல்ல ஆள் நடமாட்டம் கேட்டா, உள்பக்கம் திரும்பி, 'என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க'ன்னு சத்தமாக் கூப்பிடுவேன். ரசத்துக்கு உப்பு போதுமான்னு கேப்பேன். கொழந்தய ஏன் அழவிடறீங்கன்னு திட்டுவேன். வெளிய நிக்கிறவனுக்கு ஆம்பிள வீட்ல இருக்குன்னு தெரியணுமில்ல?"

இத்தனை வருஷத்தில் இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"நான் ஏதாவது பதில் சொன்னேனா?"

"வீட்ல இருக்கறப்ப மட்டும் கூப்பிட்ட கொரலுக்கு ஒடனே பதில் சொல்லிட்டீங்களாக்கும்! கேக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது."

இருமல் வரும்வரை சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த உப்புக்காற்று நினைவுக்கு வந்தது. வெள்ளம் வடிகிற காலையில் முழங்காலுக்கு மேல் சேறோடு, ஈரச்சாக்கு வாசனையோடு வந்து, வாசல்படியில் நின்று, "கொழந்த தூங்குதா?" என்று கேட்பார். நான் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்த நாட்களை யாராவது திருப்பிக் கொடுத்தால், அந்த வெள்ளத்தோடும் பயத்தோடும் சேர்த்தே வாங்கிக்கொள்வேன். மடியில் பசியோடு அழுத குழந்தையையும் சேர்த்துத்தான்.

"அப்ப துப்பாக்கி எதுக்கு?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதே மாதிரி கூப்பிட்டுக்க. நான் போனதுக்கப்புறமும் எவனுக்கும் வித்தியாசம் தெரியாது."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் எழுந்து போக அடுப்படி இல்லை. ஒரு வருஷமாக நான் தட்டிக்கழித்த பேச்சு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"அது வேறங்க" என்றேன். "அப்ப கூப்பிட்டேன்னா, வெளிச்சம் வந்ததும் நீங்க வந்துடுவீங்கன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் கூப்பிட்டேன். வரமாட்டீங்கன்னு தெரிஞ்சப்பறம் எப்படிங்க கூப்பிடறது? எனக்கு வாய் வராது."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என் பேர்லயே போடுங்க. அந்தச் சின்னதுதான். நாளைக்கே எழுதிடலாம். எழிலுக்கும் சொல்லிடுங்க, அம்மா எங்கயும் வரலைன்னு."

அவர் ஒரு வருஷமாக என் வாயால் கேட்க நினைத்தது இதுதான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் ஆடியது. தான் போகப்போவதைப் பற்றி அவரே எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறார். ஆமாம் என்று நான் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. "ஜனம் பாக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன்.

பஸ் நின்றது. "பாபநாசம், பாபநாசம் எறங்கு" என்று கண்டக்டர் கதவைத் தட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போவோம் மலரு" என்றார்.

உட்கார்ந்துகொண்டேன். விசில் சத்தம் கேட்டது, பஸ் கிளம்பியது. எங்கள் தெரு முனை ஜன்னலில் வந்து பின்னால் போனது. கண்டக்டர் எங்கள் பக்கம் வந்து, "நீங்க பாபநாசந்தானேம்மா? எறங்கலையா?" என்றார்.

"இல்ல தம்பி. கும்பகோணம் ரெண்டு குடுங்க" என்றேன்.